விளக்கு மாறி மூன்றாம் நாள்

கடைசியாக அவர் என்னிடம் கேட்டது நகவெட்டி. வாசல்படியில் உட்கார்ந்து நிதானமாக வெட்டிவிட்டு, பகல் இரண்டரைக்கு வேலைக்குப் போனார்.

ஆய்வுக்கூடத்தில் குரங்குகளைப் பராமரிப்பது என் கணவரின் வேலை. ஜன்னல் இல்லாத அறை. அங்கே விளக்குதான் சூரியன். எட்டு வருடமாக இரவு எட்டுக்கு அணையும். குரங்குகள் தூங்கியதும் மங்கலான சிவப்பு விளக்கோடு உள்ளே போய்ச் சுத்தம் செய்வார். பெரிய ஆண் குரங்குக்கு ‘மாமனார்’ என்று பெயர் வைத்திருந்தார். என்ன செய்தாலும் முறைக்குமாம். என் அப்பாவைத்தான் குத்துகிறார் என்று எனக்குத் தெரியாதா?

அந்த வாரம் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் விளக்கைப் பகல் இரண்டுக்கே அணைக்க வைத்தார். வெளிச்சம் மாறினால் உடம்பு எப்படி மாறுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியே. விளக்கு அணைந்தாலும் குரங்குகளின் உடம்புக்கு இன்னும் பகல்தான், ஒரு வாரம் போகட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். நீ என்ன குரங்கு பாஷை படித்தவனா என்றாராம் டாக்டர். சுத்தம் செய்யும் நேரமும் விளக்கோடு சேர்ந்து மாறாவிட்டால் ஆராய்ச்சியே கெட்டுவிடுமாம்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த மாமனார் குரங்கு இவருடைய கழுத்தைக் கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சில நாள் கழித்து டாக்டர் வீட்டுக்கு வந்தார். கூடவே ஆய்வுக்கூடத்தில் வண்டி ஓட்டும் என் கொழுந்தன். நான் உட்காரச் சொல்லவில்லை, டாக்டர் உட்கார்ந்தார். ஒரு தாளை நீட்டினார். விலங்குகள் தூங்கிவிட்டனவா என்று பார்க்காமல் ஊழியர் தன்னிச்சையாக உள்ளே சென்றார் என்று இருந்தது.

“கையெழுத்துப் போட்டுடுங்க அண்ணி. போனவர் திரும்பியா வரப்போறார்?” என்றான் கொழுந்தன்.

“நீ உன் வண்டிச் சாவியைக் கெட்டியா பிடிச்சுக்கோ தம்பி.”

ஒவ்வொரு குரங்கின் கழுத்திலும் அசைவைப் பதிவு செய்யும் பட்டை உண்டு. அந்த மூன்று நாளும் அதில் என்ன பதிவானது என்று டாக்டரிடம் கேட்டேன். அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா என்றார்.

“தூங்குச்சா, முழிச்சிருந்துச்சா? இதுல புரிய என்ன இருக்கு?”

டாக்டர் பேனாவை என் பக்கம் நீட்டினார். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “இருட்டுல மூணு நாளும் கத்திக்கிட்டேதான் இருந்துச்சு அண்ணி. வண்டி நிறுத்துற இடம் வரைக்கும் கேட்டுச்சு.”

தாளின் அடியில் நானே எழுதினேன்: ‘விளக்கு மாறி மூன்றாம் நாள். இன்னும் தூங்காது என்று ஊழியர் முன்பே சொன்னார்.’ அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். டாக்டர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணைக் கோப்பில் அந்தத் தாள் இல்லை; தவறு என் கணவருடையது என்றே முடித்துவிட்டார்கள். கொழுந்தனுக்கு அங்கே வேலையும் இல்லை.

போன மாதம் டாக்டரின் கட்டுரை வெளியானது. கொழுந்தன் எங்கிருந்தோ வாங்கிவந்து வாசித்துக் காட்டினான். விளக்கு நேரத்தை ஆறு மணி நேரம் மாற்றினால், குரங்கின் உடம்பு அதற்குப் பழக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது.