மூன்றாவது டின்

அன்று மதியம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: ஆஸ்பத்திரி கேன்டீனில் முப்பது வருஷம் சமைத்து ஓய்வு பெற்ற அம்மா, மகன், வேறு பாஷை பேசும் ஊரிலிருந்து வந்த மருமகள், மகள், இன்னொரு திசையிலிருந்து வந்த மாப்பிள்ளை. பார்த்தால் விருந்து. உண்மையில் பரீட்சை.

போன மாதம் அம்மா அடுப்பைப் பற்றவைக்க மறந்து கேஸை மட்டும் திறந்துவிட்டுப் படுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித்தான் பிழைத்தாள்.

"ஒரு வேளை முழுசா சமைச்சுக் காட்டு. சரியா வந்தா தனியா இரு. இல்லேன்னா எங்ககூட வந்துடு," என்றான் மகன்.

"உங்க எல்லார் வீட்டுச் சமையலையும் செய்றேன்டா. சாப்பிட்டுட்டுப் பேசு," என்றாள் அம்மா.

சொன்னபடி செய்தாள். மருமகள் ஊர்க் கடுகெண்ணெய் மீன், மாப்பிள்ளை வீட்டில் தயிரில் கடலை மாவு கரைத்துக் கொதிக்க வைக்கும் குழம்பு, தன் பக்கத்துப் பருப்பும் கீரையும். எதையும் ருசி பார்க்கவில்லை. முன்னூறு பேருக்குக் கையாலேயே அளந்து போட்டவள் அவள்.

"எங்கம்மா வச்சா இவ்ளோ நல்லா வராது அத்தை," என்றார் மாப்பிள்ளை.

"அதை உங்கம்மாகிட்ட சொல்லுங்க பார்ப்போம்," என்றாள் மகள்.

கடைசியாக, பாலில் அரிசியைக் குறுகக் காய்ச்சிய இனிப்பு வந்தது. மாப்பிள்ளை ஒரு வாய் விழுங்கிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். மருமகள் வாயை மூடியபடி எழுந்து போனாள். மகன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"அம்மா, உப்பு."

அம்மா விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். கடல் தண்ணீர்.

சமையலறைக்கு ஓடினாள். அவள் அலமாரியில் டப்பா மேல் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. டீத்தூள் டப்பாவில் மல்லித்தூள், பிஸ்கட் டின்னில் மிளகாய். இடதுபக்கத்திலிருந்து கை எண்ணும். மூன்றாவது டின் பொடித்த சர்க்கரை. திறந்தாள். உப்பு. சர்க்கரை ஆறாவதில் இருந்தது. மிளகாயும் மல்லியும் நிறத்திலேயே தெரிந்துவிடும்; குழம்புக்கு உப்பை அடுப்போரத்துச் சின்ன ஜாடியில்தான் எடுப்பாள், அதனால் மற்றதெல்லாம் தப்பித்தது.

"யாரு என் டின்னை மாத்தினது?" என்று வெளியே வந்து, வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பிய மருமகளை முறைத்தாள்.

"நான் உள்ளே காலே வைக்கலையே அத்தை. காலைலயே விரட்டிட்டீங்களே."

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்தாம்மா மாத்தினேன். போன ஞாயித்துக்கிழமை. நீதான் மாத்தச் சொன்னே."

"நானா?"

"உயரமான டின்னெல்லாம் ஓரத்துல வை, முன்னால இருந்தா கை பட்டு விழுதுன்னே. நான் ஸ்டூல் மேல நின்னேன். நீ ஒவ்வொண்ணா துடைச்சுக் குடுத்தே."

அம்மா யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள், காபி குடித்தாள், போனாள். நடுவில் ஒன்றுமில்லை. பொய் சொல்கிறாளா? பொய் சொன்னால் மகள் சின்ன வயசிலிருந்தே தன் காதைத் திருகிக்கொள்வாள். இப்போது அவள் கை மடியில் கிடந்தது.

அம்மா மறுபடி உள்ளே போனாள். அலமாரித் தட்டில் புது நியூஸ்பேப்பர் விரித்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைத் தேதி. நாலு மூலையும் முக்கோணமாக உள்ளே மடிந்திருந்தன. இந்த வீட்டில் அப்படி மடிப்பது ஒரே ஆள்தான். அது கேன்டீன் பழக்கம்.

ஒரு மூலையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். கைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மகன் பின்னால் வந்து நின்றான். "டின் இடம் மாறிப்போச்சு, அவ்வளவுதானே. இதை விடும்மா. பாஸுன்னே வச்சுக்க. இங்கேயே இரு."

"டின் மாறினது பெரிசில்லடா. நான் நின்னு மாத்தியிருக்கேன், எனக்குத் தெரியல. அப்போ கேஸை எத்தனை தடவை திறந்து வச்சேனோ?"



சாயங்காலம் அம்மா துணிகளை ஒரு பையில் திணித்தாள். "என் கிச்சன்ல டப்பா மேல எழுதினதுதான் உள்ளே இருக்கும் அத்தை," என்றாள் மருமகள்.

"ஐயோ. அப்புறம் நான் எப்படிச் சமைப்பேன்?"

வாசலில் செருப்பு மாட்டும்போது நின்றாள். "சிலிண்டரை மூடினேனா?"

"நீதான் மூடினேம்மா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்," என்றான் மகன்.

அவன் முகத்தையே பார்த்தாள். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. படி இறங்கினாள். மகன் கதவைச் சாத்திப் பூட்டினான்.