ரேடியோவில் வராத சரணம்

பக்கீர் முகம்மதுக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. வந்த கோபத்தை உள்ளே கூப்பிட்டு, பாய் விரித்துப் படுக்க வைத்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்ப்பார். அப்படி அவர் வளர்த்த கோபங்களிலேயே மூத்தது சுலைகா பீவி மேல் உள்ளது. அதற்கு வயது முப்பத்திரண்டு.

சுலைகா யாரோ எவளோ இல்லை. அவருடைய சொந்த மாமா மகள். தேங்காய்ப்பட்டணத்தில் நாலு வீடு தள்ளி வளர்ந்து, கோட்டாற்றுக்குக் கல்யாணம் கழிந்து போனவள். இப்போது கூத்தைப் பாருங்கள், அந்தச் சுலைகாவின் மகள் சுமைராவைத்தான் பக்கீர் முகம்மதின் தங்கச்சி மகன் ஷமீருக்குப் பேசி முடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோட்டாற்றில் நிக்காஹ். ஷமீருக்கு வாப்பா இல்லை. மூக்கு ஒழுகின காலத்திலிருந்து அவனுக்கு எல்லாமே மாமாதான். மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கொண்டுபோய் நிக்காஹ் நடக்கிற இடத்தில் உட்கார வைப்பதும் அந்தக் குடும்பத்தில் தாய்மாமன்தான்.

"ஷெர்வானி எடுக்க வாறேன். ஆடு பாக்க வாறேன். பந்தலுக்கு லைட்டு கூட நானே போட்டுத் தாறேன். அவளுக்க வாசல மட்டும் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் மனுஷன்.

தங்கச்சி சுல்ஃபியா அழுது பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். "காக்கா, வயசு அம்பத்தேழு ஆச்சு. பேரப்பிள்ள எடுத்தாச்சு. இன்னும் என்ன வீம்பு?" அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இவர் என்ன கல்யாணம் கட்டாமலா இருந்தார்? குளச்சலில் கட்டினார். தங்கமான மனுஷி. ஒரு மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு ஆறு வருஷத்துக்கு முந்தி மௌத்தாகிப் போனாள். அவளிடம் இவர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. இருந்ததை எல்லாம் கோட்டாற்றுக்கென்று எடுத்து வைத்திருந்தாரோ என்னமோ.

சரி, அப்படி என்னதான் நடந்தது? கேளுங்கள்.

தொண்ணூற்று மூன்றில் அவர் தம்மாமில் ஏசி மெக்கானிக். அந்தக் காலத்தில் சவூதிக்குப் போன நம்மூர்க்காரர்கள் கடிதம் எழுதுவதைவிட, கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். கேசட் வந்துவிட்டது என்றால் வீடு நிறைந்துவிடும். உம்மா, வாப்பா, மாமிமார், அடுத்த வீட்டுப் பெண்கள் என்று டேப் ரிக்கார்டரைச் சுற்றி ஒரு கூட்டம். அவர் அங்கே "நான் சொகமா இருக்கேன்" என்று பேசினதற்கு உம்மா இங்கே "நேரத்துக்குத் தின்னியா மக்கா?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்பாள். இந்தச் சபையில் ஒரு பெண்ணிடம் மனசில் உள்ளதை எப்படிச் சொல்ல?

சொல்லவேண்டிய நெருக்கடியும் வந்தது. சுல்ஃபியா எழுதியிருந்தாள்: சுலைகாவுக்குக் கோட்டாற்றிலிருந்து மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கிறார்கள், நீ வருவாயா மாட்டாயா, ஒரு வார்த்தை சொன்னால் அவள் காத்திருப்பாள். பக்கீர் முகம்மது ரெண்டு நாள் உறங்காமல் யோசித்தார். கடைசியில் வீட்டு விசேஷம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கேசட்டின் முடிவில் இப்படிச் சொன்னார்: "சுல்ஃபியா, நீ கேட்டதுக்கு உள்ள பதில் 'கடலைக் கேட்டுச் சொல்லு' பாட்டுல இருக்கு. கடசி வரக் கேளு. அதாக்கும் எனக்க பதில்."

அந்தப் பாட்டு ரேடியோவில் நித்தம் போடுகிற பழைய பாட்டு. கப்பலேறிப் போனவன் பாடுவது. முதல் சரணத்தில் உன் நினைவாகவே இருக்கிறேன் என்பான். ரெண்டாவது சரணத்தில், அடுத்த மழைக்கு முந்தி வந்துவிடுவேன், வாசலில் நில் என்பான். அதோடு பல்லவி ஒரு தடவை வந்து பாட்டு தேய்ந்து மறையும், செய்தி வாசிக்க ஆள் வந்துவிடும். இதைவிடத் தெளிவாக ஒரு ஆம்பிளை எப்படிப் பதில் சொல்லுவான்?

மூன்று மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த சேதி, சுலைகாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்பது. அன்றைக்குப் பிடித்ததுதான் அந்தக் கோபம்.

இனி இந்த வியாழக்கிழமைக்கு வருவோம். திருநெல்வேலியில் ஷெர்வானி எடுத்துவிட்டு மாமாவும் மருமகனும் காரில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பணகுடி தாண்டினதும் ஷமீர், "மாமா, ஒங்க பாட்டு போடட்டா?" என்றான். மாமாவுக்குப் பழைய பாட்டு பிடிக்கும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும், பாவம்.

'கடலைக் கேட்டுச் சொல்லு' ஓடியது. முதல் சரணம் போனது. ரெண்டாவது சரணம் போனது. பல்லவி வந்தது. பக்கீர் முகம்மது அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்தார். பாட்டு நிற்கவில்லை. புல்லாங்குழல் ஒன்று தனியாக வாசித்துக்கொண்டே போனது. பிறகு அதே குரல், ஆனால் தணிந்துபோய்ப் பாடியது. நிற்காதே பெண்ணே, உப்புக்காற்றில் நிற்காதே, வருகிற கப்பல் எதிலும் நான் இல்லை, நல்லவன் ஒருவன் வந்து கேட்டால் சரி என்று சொல்லிவிடு.

"ஏலே, நிறுத்து! வண்டிய நிறுத்து!"

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு நடுவில் ஓரமாக வண்டி நின்றது. "என்ன மாமா, வாந்தி வருதா?"

"இது என்னதுலே? எவன் சேத்துப் பாடினான் இத?"

"ஆரும் சேக்கல்ல மாமா. இதாக்கும் ஒரிஜினல். ஆறு நிமிஷப் பாட்டு. ரேடியோவுல நேரம் பத்தாதுன்னு வெட்டிப் போடுவாங்க. நீங்க வெட்டினதக் கேட்டிருப்பிய. கேசட்டுல முழுசாத்தான் வந்திருக்கும்."

பக்கீர் முகம்மது கதவைத் திறந்து இறங்கினார். எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் திரும்ப ஏறி உட்கார்ந்தார். "இன்னொருக்கப் போடு" என்றார். நாகர்கோவில் வருவதற்குள் நாலு தடவை போட வேண்டியதாயிற்று.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சுலைகா ரேடியோவில் கேட்டிருந்தால், நான் வருவேன் என்று தெரிந்தும் இன்னொருவனைக் கட்டினாள், தப்பு அவள் மேல். கேசட்டில் கேட்டிருந்தால்? நான் வரமாட்டேன், வேறு ஆளைக் கட்டிக்கொள் என்று நானே அல்லவா சொன்னேன்! அதுவும் எப்படி, கடசி வரைக் கேளு என்று அடித்துச் சொன்னேன். அட ரப்பே! எவன் வெட்டினான் அந்தப் பாட்டை? வெட்டினவன் வெட்டியிருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தங்கச்சியிடம் போனார். சுல்ஃபியா பெண் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய தட்டுகளுக்கு ஜிகினாத் தாள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சுல்ஃபியா, அந்தக் காலத்துல சுலைகா வீட்டுல டேப் ரிக்கார்டர் இருந்துதா?"

"இருந்துதே. கறுப்பு. ரெண்டு ஸ்பீக்கர் உள்ளது."

"அவ கல்யாணத்துக்கு முந்தியா, பிந்தியா?"

"எனக்கு முந்தாநாள் வச்ச கறியே ஓர்மையில்ல. முந்தின்னுதான் நெனக்கேன். இல்ல, பிந்தியோ? அது நம்ம வீட்டுப் பெட்டியா இருக்குமோ? இப்ப எதுக்குக் காக்கா இது?"

"நான் அனுப்பின கேசட்டுல ஒரு பாட்டு சொன்னேனே. அப்ப அவ இருந்தாளா?"

சுல்ஃபியா தாளைக் கீழே வைத்தாள். "எனக்க பக்கத்துலதான் இருந்தா. நீ பாட்டச் சொன்னதும் தலையக் குனிஞ்சா. பெறவு ரெண்டு மூணு நாளு அவளுக்க மொகமே சரியில்ல."

"அழுதாளா?"

"கண்ணு செவந்துதான் இருந்துது."

தீர்ந்தது. அவள் கேசட்டில்தான் கேட்டிருக்கிறாள். மூன்றாவது சரணம் வரை கேட்டுவிட்டு அழுதிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க பக்கீர் முகம்மது ஒரு மாதிரியாகத்தான் திரிந்தார். ஒரு பெண்ணைக் கைவிட்ட பாவி நான் என்று நெஞ்சு கிடந்து அடித்தது. ஜும்மாவில் துஆ கேட்கும்போது கண்ணீர் தாடியில் இறங்கியது. ஆனால் பாவி என்றால் முகம் வாடித்தானே இருக்க வேண்டும்? இவர் தாடிக்கு மருதாணி போட்டார். தன்னுடைய எலக்ட்ரிக் கடையில் பல்பு வாங்க வந்தவனிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார். மூன்று வருஷமாக முகம் பார்க்காத பக்கத்துக் கடைக்காரனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். அவன் பயந்துபோய்க் குடித்தான். என்னைக் கேட்டால் சொல்லுவேன், அவர் சந்தோஷமாக இருந்தார். தனக்காக ஒருத்தி கண் சிவக்க அழுதிருக்கிறாள் என்று அவருக்கு இப்போதுதான் தெரியும். அதைச் சந்தோஷம் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது, அதனால் குற்றவுணர்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஷமீரைக் கூப்பிட்டார். "வண்டிய எடு. கோட்டாத்துக்குப் போவணும். ஒனக்க மாமியாட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்."

நிக்காஹுக்கு முந்தின நாள் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குள் போனால் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். அவன் தெருமுனையில் வண்டியிலேயே இருந்துகொண்டான். பக்கீர் முகம்மது மட்டும் நடந்தார். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. சுலைகாவின் புருஷன் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சுலைகா பீவி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"யா அல்லா! மச்சானா? வாங்க, உள்ள வாங்க. இரிங்க. சாயா குடிக்கியளா?"

முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல். அவருக்கு உட்காரவே தோன்றவில்லை. நின்றபடியே, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். ரேடியோ, கேசட், வெட்டின பாட்டு, தெரியாமல் நடந்த பிழை. "நான் சொல்ல வந்தது ஒண்ணு, ஒனக்க காதுல விழுந்தது வேற ஒண்ணு. இத்தன காலம் ஒன்ன ஏசிட்டுத் திரிஞ்சேன். எனக்கு மாப்பு தரணும் சுலைகா."

சுலைகா கண்ணாடியை இறக்கி அவரை நன்றாகப் பார்த்தாள். "அந்தப் பாட்டுக்கு மூணாவது சரணம் உண்டா?"

அவர் செல்போனில் போட்டுக் காட்டினார். அவள் தாடையில் கை வைத்து, முழுப் பாட்டையும் கேட்டாள். "நல்லாத்தான் பாடியிருக்கான். நான் இன்னைக்குத்தான் கேக்கேன்."

"இன்னைக்குத்தானா? பின்ன அந்த டேப் ரிக்கார்டர்?"

"அது எனக்க கல்யாணத்துக்கு வாங்கினதுல்லா. அதுக்கு முந்தி எங்க வீட்டுல ரேடியோதான். ஒங்கள மாதிரி அந்த ரெண்டு சரணம்தான் எனக்கும் தெரியும்."

"அடுத்த மழைக்கு முந்தி வருவேன்னு..."

"வாசல்ல நில்லுன்னு. ஆமா."

"அது நான் ஒனக்குச் சொன்னதாக்கும்னு வெளங்கிச்சா?"

"வெளங்காம இருக்குமா? அங்க கூடியிருந்த அம்புட்டுப் பேருக்கும் வெளங்கிச்சு. ஒங்க உம்மா என்னயப் பாத்துச் சிரிச்சா. எனக்கு ஒறக்கமே போச்சு. நான் காத்திருப்பேன்னு சுல்ஃபியா அவளுக்க ஆசயில எழுதியிருக்கா மச்சான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. நீங்க சொன்ன மாதிரி வந்து நின்னியன்னா ரெண்டு வீடும் சேந்து நிச்சயம் பண்ணிருவாங்க, பெறவு நான் வாயத் தொறக்க முடியாது. அதுக்குப் பயந்துதான் கோட்டாத்துக்குச் சட்டுனு சம்மதிச்சேன்."

பக்கீர் முகம்மதுக்கு இப்போதுதான் உட்காரத் தோன்றியது. நாற்காலி எங்கே என்று தேடி உட்கார்ந்தார். "எனக்க மேல என்ன குத்தம்?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது அது.

"குத்தம் ஒண்ணும் இல்ல. நல்ல ஆளுதான் நீங்க. எனக்கு மனசில்ல, அம்புட்டுதான்." அவள் குரலில் ஏச்சும் இல்லை, இரக்கமும் இல்லை. "இதுக்குப் போயி மாப்பு எதுக்கு? மன்னிக்கதுக்கு இதுல என்ன இருக்கு? நாளைக்கு நிக்காஹுக்கு வந்துருங்க. ஒங்கள விட்டா அந்தப் பயலுக்கு ஆரு இருக்கா?"

சாயா வந்தது. இனிப்பா கசப்பா என்று தெரியாமல் குடித்தார். எழுந்தார். சலாம் சொன்னார்.

ஷமீர் வண்டியின் கதவைத் திறந்துவிட்டான். "என்ன மாமா, மன்னிச்சாங்களா?"

"மன்னிக்கதுக்கு ஒண்ணுமே இல்லயாம் மக்கா."

"அப்ப நல்லதுதானே! சந்தோஷப்பட வேண்டிய விஷயம்லா?"

"ஆமா" என்றார். முப்பத்திரண்டு வருஷம் அவள் துரோகி. ரெண்டு நாள் இவர் பாவி. இப்போது அவள் துரோகியும் இல்லை, இவர் பாவியும் இல்லை. அவளுக்கும் இவருக்கும் நடுவில் எதுவும் நடக்கவே இல்லை. வாசல் மிதிக்க மாட்டேன் என்று நின்றது யாரிடம், ஜும்மாவில் அழுதது யாருக்காக என்று அவர் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. பாட்டை வெட்டினவனைத் திட்டலாம் என்று பார்த்தால், அவன் பேரிலும் இப்போது குற்றம் இல்லை.

வண்டி செட்டிகுளம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்குப் பொறப்படணும் மக்கா?"

ஷமீர் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒம்பதுக்கு மாமா. வாறியளா? நெசமாவா?"

"எட்டரைக்கே வந்துருதேன்" என்றார் பக்கீர் முகம்மது. சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. பையன் கவனித்துவிடக்கூடாதே என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். எதற்கு அழுகிறோம் என்பது அவருக்கு அப்போதும் தெளிவாகத் தெரியவில்லை.