ஒரே பெஞ்சில் நாலு கால்

யானைக்கால் கிளினிக்கை மூடிவிட்டு, இனிமேல் பொது ஆஸ்பத்திரிக்கே வரும்படி தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். கிளினிக் ஒரு முட்டுச்சந்தில் இருந்தது. நூல் வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினால், யார் கண்ணிலும் படாமல் மருந்தும் களிம்பும் வாங்கி வந்துவிடலாம். பொது ஆஸ்பத்திரியில் ஊரே உட்கார்ந்திருக்கும். அவள் போகவே இல்லை.

மழை பிடித்த வாரத்தில் விரலிடுக்கில் புண் கண்டு, கால் சிவந்து, காய்ச்சல் தூக்கிப்போட்டது. தையல்காரம்மா புடவைக் கரைக்குள் மறைத்து வைத்திருந்த காலை, பார்த்தும் பாராதது போல இருக்கப் பழகியிருந்த மருமகளால் அன்று அப்படி இருக்க முடியவில்லை. அவளுக்கு ஏழாம் மாதம். காலையில் செக்கப் இருந்தது.

"துணைக்கு வாங்க அத்தை. தனியாப் போகப் பயமா இருக்கு."

தினமும் பஸ் மாறி வேலைக்குப் போகிறவளுக்கு என்ன பயம்? இருந்தாலும் தையல்காரம்மா கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் அவரவருக்கு அவரவர் பாடு. ஒரு பெரியவர் மட்டும் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நீட்டி உட்காரும்படி நகர்ந்து இடம்விட்டார்.

உள்ளே இருந்தது பழைய கிளினிக் நர்ஸ்தான். இப்போது கர்ப்பிணிகளையும் அவரே பார்த்தார். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, மருமகளின் பாத வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து மாமியாரின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். டாக்டர் வந்து பார்த்து, புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை எழுதினார். கடைசியில் நர்ஸ் மாமியாருக்கும் பிரஷர் பார்த்தார். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அடிக்கடி வரும் தலைவலிக்கு ஊசியில் நூல் கோப்பதுதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"இத்தனை வருஷமா என்கிட்ட வந்தீங்க," நர்ஸின் குரல் இறங்கியது. "காலைத் தவிர வேற எதையும் நான் பார்த்ததே இல்லையேம்மா."

தினமும் விரலிடுக்கைக் கழுவித் துடைக்க வேண்டும், குனிய முடியாவிட்டால் யாராவது உதவட்டும் என்றார். நான் செய்கிறேன் என்று முந்திக்கொண்ட மருமகள், தன் வயிற்றைப் பார்த்துத் திகைத்து நின்றாள். மூவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் மகன் வேலை முடிந்து வந்ததும் வாளியும் துண்டும் கொடுத்து அவனைக் கீழே உட்காரவைத்தாள் மருமகள். முதலில் அம்மா கால், அப்புறம் தன் கால் என்று உத்தரவு.

அவன் அந்தக் காலைத் தொட்டது அன்றுதான்.

"வலிக்குதாம்மா?"

"கொஞ்சம்," என்றாள். பிறகு, "மெதுவா," என்றாள்.