ஸ்பீக்கரின் காது

“ஏம்மா, ஊருக்கே கத்துதே இந்த ஸ்பீக்கர், அதுக்குக் காது கேக்குமா?”

விளம்பர வண்டிக்காரர் ஒருநாள் விளையாட்டாகத்தான் கேட்டார். வண்டியில் மைக் பிடித்து ஊரெல்லாம் பேசித் திரிகிறவர். இறங்கினாலும் வாய் சும்மா இருக்காது. அவளுக்குப் பதில் தெரியும், நாக்குதான் எழவில்லை.

“அவகிட்டயா கேக்குறீங்க? பதில் அடுத்த வருஷம் வரும்” என்று சிரித்தார் மாமா. ரிப்பேர் கடை அவருடையது. அவள் பின்னறைக்குள் போய்விட்டாள்.

அங்கேதான் அவளுக்கு வேலை. கிழிந்த காகிதக் கூம்பைப் பிய்த்துவிட்டுப் புதியதை ஒட்டுவாள். கூம்பின் அடியில் கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் காந்தம். மின்சாரம் வந்தால் சுருள் முன்னும் பின்னும் துள்ளும், கூம்பு காற்றைத் தள்ளும், பாட்டு கேட்கும். பசை காயும்வரை கூம்போடு பேசிக்கொண்டிருப்பாள். வேறு யார் இருக்கிறார்கள்?

இன்று காலை மாமா வண்டிக்காரரின் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தார். “சட்டுனு முடி. வண்டிக்காரர் வேற ஊருக்குக் குடி போறாராம்.”

மதியம் முன்கடையில் அவர் சிரிப்பு கேட்டது. சுவர் ஓட்டை வழியே முன்கடை ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு ஒயர்கள் வந்தன. ஒன்று பாட்டைக் கொண்டுவருவது, மற்றது மைக்குக்கானது. அவர் சிரிப்பையே கேட்டபடி, ஒட்டி முடித்த ஸ்பீக்கரில் ஒன்றை மாட்டினாள். இன்றாவது சொல்லிவிட வேண்டும். கூம்பிடம் முகம் குனிந்து ஒத்திகை பார்த்தாள்.

“கேக்கும்ங்க. நாம பேசினா கூம்பு ஆடும், சுருள்ல கரண்ட் பொறக்கும். மைக்கும் இதே வித்தைதான். அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன். நீங்க வந்தாதாங்க எங்கிட்ட ஒரு ஆள் பேசுது. போகாதீங்களேன்.”

பாட்டு வரவில்லை. விரலால் கூம்பைத் தட்டினாள். முன்கடையில் சோதனைக்கு மாட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ‘டொம்’ என்றது.

மாட்டியிருந்தது மைக் ஒயர்.

“அட, இவளுக்கு இவ்வளவு பேச வருமா!” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

வண்டிக்காரர் முதல்முறையாகப் பின்னறைக்கு வந்தார். அவள் தலை நிமிரவில்லை. ஸ்பீக்கரை எடுக்கக் குனிந்தவரின் மூச்சு முன்கடையில் பெரிதாகக் கேட்டது. பிறகு ஒயரைக் கழற்றி மேசையில் வைத்தார். கேட்கும் அந்தக் கூம்பு தன் பக்கம் பார்க்க ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.