ஜெனினின் முறை

நெய்யூரில் செயற்கைப் பல் செய்யும் இடத்தில் பெமிலாவுக்கு வேலை. அவள் கணவன் ஜெனின் கப்பலில் இருந்தான். ஜெனோவா துறைமுகத்தில் இறங்கியபோது ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்கினான். மேசைமேல் ஆடும் போர் ஆட்டம், கட்டைவிரல் உயரப் படைவீரர்கள். வீட்டில் அவள் பலகை, கப்பலில் அவன் பலகை. நகர்த்தலை வாட்ஸ்அப்பில் சொல்லிச் சொல்லி ஆடினார்கள்.

வீரர்களுக்கு வண்ணம் தீட்டும்போது பூதக்கண்ணாடியில் பார்த்தாள். வாய் பிளந்து கத்தும் ஈட்டிக்காரனுக்கு முன்பல் இல்லை! யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இதைச் செதுக்கியது யார்? பெட்டியைத் திருப்பினாள். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் எலிசா, தாவிதே என்று இத்தாலிக்கார அக்காளும் தம்பியும். பார்க்காமலே அவர்களைப் பிடித்துப்போயிற்று.

ஓர் ஆட்டம் பாதியில் நிற்க, என்ஜின் அறையில் தீப்பிடித்து ஜெனின் போய்விட்டான். அடுத்த முறை அவனுடையது. சாப்பாட்டு மேசைமேல் இருந்த பலகையைப் பெமிலா தொடவில்லை. அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

ஆண்டு நினைவு ஜெபத்துக்கு முந்தின நாள் மாமியார் தங்கபாய் வந்தாள்.

"ஏட்டி, நாளைக்கு ஆளு வரும். அந்த மேச வேணும் கேட்டியா."

"ஆட்டம் முடியல்ல மாமி."

தங்கபாய் குனிந்து பலகையைப் பார்த்தாள். "அப்போ முடிச்சிரு மக்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பெமிலா விதிப்புத்தகத்தை எடுத்தாள். கடைசிப் பக்கங்களை அவர்கள் திறந்ததே இல்லை. எதிரே ஆள் இல்லாதவர்களுக்கென்று அங்கே ஒரு பகுதி இருந்தது. எதிராளியின் நகர்த்தலைப் பெட்டியில் இருக்கும் சீட்டுகள் சொல்லுமாம். தனியாகக் கிடக்கிறவர்களையும் எங்கேயோ இரண்டு பேர் நினைத்திருக்கிறார்கள்.

சீட்டைத் திருப்பினாள். காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கு என்றது.

ஜெனின் ஒருநாளும் பின்வாங்கமாட்டான். முட்டி மோதித் தோற்பான். அவன் ஆட்களை அவளே பின்னுக்கு நகர்த்தினாள். சவப்பெட்டி வந்த அன்றைக்குக்கூட அவன் இல்லை என்பது இப்படி உறைக்கவில்லை. அழுதுகொண்டே ஆடினாள். பின்வாங்கிப் பலகையின் குன்றுக்குப் போன அவன் படை திரும்பி வந்து அவள் ஆட்களை வளைத்துக்கொண்டது, தோற்றுப்போனாள். குறை சொல்ல முடியாத தோல்வி.

ஜெபம் முடிந்து எல்லோரும் போனபிறகு அந்த இருவருக்கும் மின்னஞ்சல் எழுதினாள், கடைசிப் பக்கங்களுக்கு நன்றி என்று. சில நாளில் எலிசா பதில் போட்டாள். இந்தியாவிலும் ஆடுகிறார்களா என்று சந்தோஷப்பட்டாள். கூட ஆட யாராவது உண்டா என்று கேட்டிருந்தாள்.

பெமிலா "இல்லை" என்று அனுப்பிவிட்டு வேலைக்குப் பஸ் பிடிக்கப் போனாள்.