மாஸ்டரின் கெண்டைக்கால்

உடற்பயிற்சிக்கூடம் நடத்திய மாஸ்டரை ஃபிசியோ நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய கைவண்ணம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு வருடத்தில் அவர் கூடத்திலிருந்து பதினொரு பேர் அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். தொடைத்தசை கிழிந்தவர், தோள் நார் இழுபட்டவர், இடுப்பைப் பிடித்தபடி நாற்காலியில் உட்காரவே யோசித்தவர் என்று ஆளுக்கொரு விதம். கதை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். வலிக்கிறது மாஸ்டர் என்றார்கள். வலிதான் மருந்து என்றார் அவர். இன்னும் இரண்டு தடவை தூக்கினார்கள்.

அவள் வேலை பார்த்த இடம் மறுவாழ்வு மையத்தின் கீழ்த்தளம். பன்னிரண்டு எட்டு வைக்கும் நீளத்தில் ஒரு வெந்நீர்க் குளம். ஒரு முனையில் இடுப்பளவு ஆழம், மறுமுனையில் கழுத்தளவு. இறங்கும் படிகளின் இரண்டு பக்கமும் எஃகுக் கம்பி. தண்ணீர் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் குறைவாக, எப்போதும் ஒரே வெதுவெதுப்பில் இருக்கும். குளோரின் வாசனை அவள் தலைமுடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. பதினேழு வருடமாக அந்தத் தண்ணீரில் நின்று, தரையில் நடக்க முடியாதவர்களை அவள் நடக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது குளமா? குழந்தையைக் குளிப்பாட்டுற தொட்டி. அதுல ஊறினா தசை நாராப் போயிடும்" என்று மாஸ்டர் சொல்வதாக அவளுடைய கொழுந்தன் வந்து சொல்வான். அவன் அந்தக் கூடத்தின் ஆறு வருட உறுப்பினன். மாஸ்டர் தும்மினால் அதிலும் ஒரு தத்துவம் இருக்கும் என்று நம்புகிறவன். அண்ணியின் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே அண்ணியின் வேலையைப் பற்றி மாஸ்டர் அடித்த ஜோக்கைச் சொல்ல அவனுக்குக் கூச்சம் இருந்ததில்லை.

ஒரு நாள் காலை அவன் கன்னத்தில் நான்கு விரல் பதிந்த தடத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"யாரு அடிச்சது?"

"மாஸ்டர்தான். ஆனா வேணும்னு இல்ல அண்ணி." பெருமையை மறைக்கத் தெரியாத குரல். "புதுசாச் சேர்ந்தவங்களுக்குப் பெட்டி மேல தாவிக் காட்டினாரு. தாவுறப்போ டப்புன்னு ஒரு சத்தம். கீழ விழுந்தாரு. பின்னாலருந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்துதாம். பின்னால நான்தானே நின்னேன். எழுந்து ஒண்ணு விட்டாரு."

"கெண்டைக்கால் தசை கிழிஞ்சிருக்கு."

"அவரைப் பாக்காமலே எப்படிச் சொல்றீங்க?"

"உன் கன்னத்தைப் பார்த்தேனே."

கெண்டைக்கால் கிழிந்த ஒவ்வொருவரும் முதலில் திரும்பிப் பார்ப்பது தங்களை உதைத்தவனைத்தான். அங்கே யாரும் இருப்பதில்லை. இந்தத் தடவை பாவம், ஒருத்தன் இருந்துவிட்டான்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் அண்ணி."

"சறுக்கட்டும். அவர் ஆனைன்னு யார் சொன்னது?" என்றாள். சொன்னாலும் தொழில் புத்தி விடவில்லை. "போய்ச் சொல்லு. நாலஞ்சு நாளைக்குச் சூடு வேண்டாம், தேய்க்கவே வேண்டாம். உள்ளே ரத்தம் கசியும். ஐஸ் வச்சு, துணி சுத்தி, காலைத் தூக்கி வச்சிருக்கச் சொல்லு."

அவன் போய்ச் சொல்வதற்குள் சூடான எண்ணெய் வந்துவிட்டது. இரண்டு சீடர்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து மாவு பிசைவது போல அந்தக் காலைப் பிசைந்தார்கள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாராம். ஐந்தாம் நாள் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது.

எட்டாம் நாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு, குளோரின் டப்பாக்கள் வந்து இறங்கும் பின்கதவைத் தட்டிக்கொண்டு அவர் வந்து நின்றார். தலையில் தொப்பி, அதை மூக்கு வரை இழுத்து விட்டிருந்தார். பின்னால் கொழுந்தன், அவரைத் தாங்கிப் பிடித்தபடி. பார்க்க ஆள் வாட்டசாட்டம்தான். தோள் இரண்டும் கதவு நிலையை அடைத்தன.

"ஏம்மா, இந்த நேரத்துல யாரும் வர மாட்டாங்கதானே?"

வணக்கம் இல்லை, என்ன எப்படி என்ற விசாரிப்பு இல்லை. அவள் அவர் காலைப் பார்த்தாள். "ஸ்கேன் எடுத்தீங்களா?"

"ஸ்கேன் எதுக்கு? என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"இவ்வளவு வீங்கின கால்ல ரத்தம் உறைஞ்சிருந்தா தண்ணில இறக்கக் கூடாது. டாக்டர் எழுதித் தந்தா வாங்க. உங்க உடம்பு எழுதித் தர முடியாது."

மறுநாள் தாளோடு வந்தார். ரத்தம் உறையவில்லை. உள்பக்கத் தசை நாரோடு சேருகிற இடத்தில் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அவள் படிகளைக் காட்டினாள். அவர் படியைப் பார்க்கவில்லை. தண்ணீரில் ஏற்கெனவே நின்றிருந்த டெய்லரம்மாவைப் பார்த்தார்.

டெய்லரம்மாவுக்கு ஐம்பது வயது. முதுகு வலி என்று மாஸ்டரிடம் போய், அவர் கையை முறுக்கி இழுத்ததில் தோள் நார் கிழிந்து, கத்தரிக்கோலைக்கூடத் தூக்க முடியாமல் இங்கே வந்தவள். தினமும் பன்னிரண்டரை அவளுடைய நேரம்.

"யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொன்னியே" என்றார் மாஸ்டர்.

"நான் சொல்லல. நீங்களாத்தான் சொல்லிக்கிட்டீங்க."

"இந்த அம்மாவைக் கொஞ்சம் அப்புறம் வரச் சொல்லு."

டெய்லரம்மா தண்ணீரில் மிதந்த கையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் கையை இழந்துட்டு வந்திருக்கேன். நீங்க கால். குளத்துல ரெண்டுக்கும் இடம் இருக்கு. இறங்குங்க மாஸ்டர், வலிதானே மருந்து."

அவர் இறங்கினார். மூன்றாவது படியில் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்றுவிட்டார். எஃகுக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. மூச்சு மேல்நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஃபிசியோவுக்குப் புரிந்தது. நூறு கிலோ இரும்பைத் தலைக்கு மேல் தூக்குகிற மனுஷனுக்குத் தண்ணீர் என்றால் பயம். குழந்தைத் தொட்டி என்று ஊரெல்லாம் கேலி பேசியது இதை மூடி மறைக்கத்தான்.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நல்ல சந்தோஷம் இல்லை என்று அவளுக்கே தெரியும். வந்ததை வேண்டாம் என்று தள்ளவும் அவளுக்கு மனசில்லை. ஆனாலும் அவருக்கு முன்னால் போய் நின்று இரண்டு முழங்கையையும் தாங்கிப் பிடித்தாள். தண்ணீரில் பயப்படுகிறவனிடம் வாயால் தைரியம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை; பிடிக்க ஒரு கை வேண்டும். அது மாஸ்டராக இருந்தாலும் சரி.

"மூச்சை விடுங்க. இப்போ நெஞ்சளவு வரைக்கும் போறோம். அங்கே உங்க கால் சுமக்கிறது உங்க எடையில மூணுல ஒரு பங்குதான். மிச்சத்தைத் தண்ணி சுமக்கும்."

"என்னைத் தண்ணி சுமக்கணுமா?"

"தொண்ணூத்திரண்டு கிலோவை அந்தக் கிழிஞ்ச தசை சுமக்காது. வேற யாராவது சுமந்துதானே ஆகணும்."

நெஞ்சளவு தண்ணீரில் அவர் குதிகாலைத் தரையில் வைத்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக அது வலிக்காமல் பதிந்தது. முகம் ஒரு கணம் குழந்தை முகம் மாதிரி ஆகி, உடனே பழைய முகத்தைப் போட்டுக்கொண்டது.

வாரத்தில் நான்கு நாள் வந்தார். எல்லாவற்றையும் வேகமாகச் செய்யப் பார்த்தார். காலை விசுக்கென்று வீசுவார், தண்ணீர் அதே வேகத்தில் எதிர்க்கும், தசை சுண்டும். "தண்ணிகிட்ட பலத்தைக் காட்டாதீங்க. நீங்க மெதுவாத் தள்ளினா அதுவும் மெதுவாத் தள்ளும். அடிச்சா திருப்பி அடிக்கும்" என்று அவள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அந்தப் பக்கம் டெய்லரம்மா கையை அங்குலம் அங்குலமாக உயர்த்திக்கொண்டிருப்பாள். தண்ணீரின் கனம் நாலு பக்கமும் அமுக்கியதில் மாஸ்டரின் வீக்கம் வடிந்தது. ஊதா மஞ்சளாகி, மஞ்சளும் போனது. மூன்றாம் வாரக் கடைசியில் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நொண்டாமல் நடந்தார். நாலாம் வாரத் தொடக்கத்தில், இனி வர மாட்டேன் என்றார்.

"இன்னும் ஆறு வாரம் இருக்கு. இனிமேதான் ஆழம் குறைச்சு, இடுப்பளவுல நடக்கணும். அப்புறம் தரையில" என்றாள்.

"வலியே இல்லையே."

"தண்ணிக்குள்ள நீங்க முப்பது கிலோ. வெளியே தொண்ணூத்திரண்டு. உங்க கால் இன்னும் அந்தத் தொண்ணூத்திரண்டைப் பார்க்கல."

"உங்களுக்கெல்லாம் ஆளை நோயாளியாவே வச்சிருக்கணும். மனபலம்னு ஒண்ணு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே கூடத்தில் பிரசங்கம் நடந்ததாகக் கொழுந்தன் வந்து சொன்னான். கிழிந்த தசையை மாஸ்டர் மனதாலேயே ஒட்டவைத்த கதை. குளம் என்ற சொல்லே அதில் வரவில்லை. அவரைத் தோளில் தாங்கிக் குளத்துக்குக் கொண்டுவந்தவன் அதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறான்.

"உனக்கு வெட்கமா இல்லையா?"

"அவர் சொன்னா ஏதாவது காரணம் இருக்கும் அண்ணி."

குளத்தை விட்ட ஒன்பதாம் நாள், நாற்பது பேர் பார்க்க, மாஸ்டர் கயிறு தாண்டிக் காட்டினார். முப்பது தாண்டினார். முப்பத்தொன்றில் அதே டப். இந்தத் தடவை பின்னால் யாரும் நிற்கவில்லை. கொழுந்தனுக்கு அந்த அளவுக்கு அறிவு வந்திருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் மாஸ்டர் வாய் ஓயவில்லை. அந்தத் தண்ணீர்தான் தன் தசையை ஊறவைத்து இற்றுப்போகச் செய்துவிட்டது என்றார். பிரசங்கத்தில் குளத்துக்கே போகாதவர், இப்போது குளத்தால் கெட்டவராகிவிட்டார். இதைக் கேட்டு மூன்று நோயாளிகள் வருவதை நிறுத்தினார்கள். மையத்தின் நிர்வாகி கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். ஷூ நனையக் கூடாது என்று படியிலேயே நின்றுகொண்டார்.

"பெரிய மனுஷன். நாலு பேர் கேக்கற இடத்துல பேசறாரு. நீங்க போய் ஒரு வார்த்தை ஸாரி சொல்லிட்டா முடிஞ்சுது."

"யாருக்கு? அவருக்கா, அவர் காலுக்கா? கால்கிட்ட வேணும்னா சொல்றேன். அது பாவம்."

நிர்வாகி மேலே ஏறிப் போனார். தண்ணீரிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டெய்லரம்மா, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க வேலையைப் பாருங்க" என்றாள். அன்றைக்குத்தான் அவள் கை முதல் தடவையாகக் காதுக்கு மேலே போனது. அவளுடைய கடைக்கு வருகிற பெண்கள் எல்லாருக்கும் கையைத் தூக்கிக் காட்டியிருப்பாள் போலிருக்கிறது. நின்ற மூன்று பேருக்குப் பதில் அடுத்த வாரம் ஐந்து பேர் வந்தார்கள்.

மாஸ்டர் வேறு இரண்டு இடங்களில் முட்டிப் பார்த்தார். கடைசியில் ஸ்கேன் பார்த்த டாக்டரே, "அந்தக் குளத்துக்கே போங்க. இந்தத் தடவை பாதியில எழுந்து ஓடாதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

வந்து மேஜை முன்னால் நின்றார். கக்கத்தில் ஊன்றுகோல். ஃபிசியோ இந்த நாளுக்காகச் சில வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் தீட்டித் தீட்டிக் கூராக்கிய வாக்கியங்கள். அவரை எதிரே பார்த்ததும் அதில் ஒன்றைக்கூட இந்த ஆளுக்காகச் செலவழிக்க வேண்டுமா என்று தோன்றிவிட்டது.

"எப்போ வரட்டும் மேடம்?" என்றார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"அப்போ கூட்டமா இருக்குமே."

"இருக்கும்."

"மதியம்…"

"மதிய நேரத்தை வேற ஆளுங்களுக்குக் கொடுத்தாச்சு." அது உண்மைதான். டெய்லரம்மா அனுப்பியவர்கள். உண்மையாக இல்லாவிட்டாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஐந்து மணிக் குளத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் மூவர் மாஸ்டரின் கூடத்திலிருந்து வந்தவர்கள். அவர் ஊன்றுகோலை வைத்துவிட்டுப் படியில் கால் வைத்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. தொடைத்தசை கிழிந்த லாரி டிரைவர் ஒருத்தர் மட்டும் கம்பியை விட்டு நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் தணிந்த குரலில் கேட்டார்:

"உனக்கு இன்னும் சரியாகலையா?"

"நீங்க சொன்ன மாதிரி வலியைத் தாங்கிக்கிட்டு நாலு மாசம் ஓட்டினேன் மாஸ்டர். அதான் இழுத்துடுச்சு."

மாஸ்டர் தண்ணீரைப் பார்த்தார். டிரைவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஃபிசியோ யோசித்து வைத்திருந்த எதுவும் இதில் பாதிகூட உறைத்திருக்காது.

பன்னிரண்டு வாரம் வந்தார். நெஞ்சளவு, பிறகு இடுப்பளவு, பிறகு தொடையளவு, பிறகு தரை. தண்ணீர்ப் பயம் போகவில்லை. கம்பியை விடாமலே நடந்து முடித்தார். அவள் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. கால் நன்றாகக் கூடியது. கடைசி நாளில் நன்றி என்று சொல்லவில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் கொஞ்சம் சூடு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது கொழுந்தன் சொன்னான்: "மாஸ்டர் புதுசா ஒரு முறை கொண்டுவந்திருக்காரு அண்ணி. வலிச்சா உடனே நிறுத்திடணுமாம். அடிபட்டா அஞ்சு நாளைக்குத் தேய்க்கவே கூடாதாம்."

"யார் சொல்லிக் கொடுத்தாங்களாம்?"

"அவரே கண்டுபிடிச்சதாம். ரொம்ப நாள் ஆராய்ச்சியாம்."

அவன் முகத்தில் கிண்டல் துளிகூட இல்லை. அவள் கணவன் சிரிப்பில் புரையேறி எழுந்து போனான். அவள் கொழுந்தனின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். இவனை என்ன செய்வது என்று தெரியவில்லை, பசிக்காவது சாப்பிடட்டும்.

அந்த வருடம் முழுக்க மாஸ்டரின் கூடத்திலிருந்து அவளிடம் வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தர் பஸ் படியிலிருந்து விழுந்தவர். மாஸ்டர் மேல் அவளுக்கு மரியாதை எதுவும் வந்துவிடவில்லை, வரப்போவதும் இல்லை. தெருவில் எதிரே வந்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவளும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பாள். குதிகால் சரியாகப் பதிகிறதா என்று பார்த்துவிட்டுத் தன் வழியில் போய்விடுவாள்.