நடந்த தூசி

சிக்ருன் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஓயாமல் பெய்யும் எங்கள் பெர்கன் நகரத்து மழைகூட நிற்கும், இவள் பிடிவாதம் நிற்காது என்று நம்பியிருந்தவள் நான். எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. மீன் கருவின் காதுக்குப் பின்னால் ஒரு செல் கூட்டம் உருவாகிறது. நீரோட்டத்தை உணரும் நரம்புறுப்புகளை வழிநெடுக இறக்கி வைத்துக்கொண்டே வால்வரை போகிறது. அதைப் போகவைப்பது தோலோரம் கிடக்கும் ஒரு புரதம். வாலை நெருங்க நெருங்க அந்தப் புரதம் கூடுகிறது, செல்கள் மோப்பம் பிடித்துப் போகின்றன என்பது என் கட்சி. புரதம் எங்கும் ஒரே அளவுதான், பின்வரிசைச் செல்கள் அதைத் தின்று தீர்ப்பதால் முன்னால் எப்போதும் மிச்சம் இருக்கிறது, வழியை அவையே உண்டாக்கிக்கொள்கின்றன என்பது அவள் கட்சி. அழகான யோசனை. எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்திருக்கிறது.

தலைமுதல் வால்வரை புரதம் சமமாக இருக்கும் மீனை அவளே உருவாக்கினாள். அதன் கருவை நுண்ணோக்கியில் வைத்து நேற்றிலிருந்து படம் எடுத்தாள். அவள் சொன்னது சரியென்றால் செல்கள் நடந்திருக்க வேண்டும். படத்தில், பச்சையாக ஒளிரவைத்த அந்தச் செல் கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது.

"நீதான் ஜெயிச்ச, மாரித். இதை விட்டுர்றேன்னு தலைவர்கிட்ட சொல்லப் போறேன்."

"சும்மா பொலம்பாதடி. போட்டுக் காமி."

ரொட்டியையும் பழுப்புச் சீஸையும் கடித்தபடி பார்த்தேன். செல்கள் அசையவில்லை. ஆனால் மூலையில், கண்ணாடித் தட்டில் ஒட்டிய நூல் துணுக்கு ஒன்று மங்கலாக மின்னியது. அது நிதானமாகத் தலைப்பக்கம் நகர்ந்து ஓரத்தில் மறைந்தது.

ரொட்டியைக் கீழே வைத்தேன். பேசாமல் இருந்தால் ஜெயம் எனக்கு.

"ஏன்டி, உன் தூசிக்குக் கால் முளைச்சிருக்கா?"

"என்ன உளர்ற?"

"ஒட்டிக்கிடக்கற தூசி நடக்குது, உயிரோட இருக்கற செல்லு நிக்குது. நல்லா பாரு."

பார்த்தாள். பின்னோட்டி மறுபடியும் பார்த்தாள். புதிதாகப் போட்ட மென்பொருள், படம் ஆடாமலிருக்க, பளிச்சென்று ஒளிர்வதைப் பிடித்து நடுவில் நிறுத்தும். செல்கள் ஒன்றாகவே நகர்ந்ததால், படம்தான் ஆடுகிறது என்று எண்ணி ஒவ்வொரு முறையும் பின்னுக்கு இழுத்திருக்கிறது; அந்த இழுப்பில் அசையாத தூசி நடப்பதுபோல் தெரிந்திருக்கிறது.

"மீன் எங்கடி?"

"தட்டுலயேதான் இருக்கு."

"அப்போ மீனைப் பாரேன்! திரையையே பாத்துட்டு அழுதா?"

குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

"காதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல," என்றாள். தட்டை மெல்ல நகர்த்தினாள். "மாரித், வந்து பாரு."

வால் நுனியில் இருந்தது அந்தக் கூட்டம். வந்த வழியெல்லாம் பச்சை விளக்குகள் ஏற்றி வைத்ததுபோல் நரம்புறுப்புகள். வழிகாட்ட யாருமில்லாமல், செல்கள் வழியைத் தின்றே வழி போட்டு வந்து சேர்ந்திருந்தன. என் கட்சி செத்தது. எனக்கோ ஒரே சந்தோஷம். கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

"போதும், நகருடி," என்று சிக்ருன் என்னை இடித்துத் தள்ளினாள். "அது என் மீனு."